இத்தாக்கா பிளவு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

கிரேக்கப் புராணத்தை வைத்து ஒரு விஞ்ஞானத் தொடர். பத்து அத்தியாயம். கதைச்சுருக்கத்தை இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தரவேண்டும். தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். கூடவே, "ஜீயஸ் கையில் மின்னலுக்குப் பதில் லேசர் இருந்தால் எப்படி இருக்கும், யோசிங்க" என்றார்.

யோசித்தேன். அப்படி வேண்டாம் என்று முடிவும் செய்துவிட்டேன். கிரேக்கர்களுக்கு நாம் போய் இயந்திரம் மாட்டிவிட வேண்டியதில்லை, அவர்களிடமே இருக்கிறது. இலியட்டில் ஹெபைஸ்டஸ் தன் பட்டறையில் இருபது முக்காலிகளுக்குத் தங்கச் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறான். அவை தாமாகவே தேவர் சபைக்குப் போய், தாமாகவே திரும்பி வரும். ஒடிசியில் பயேஷியர்களின் கப்பலுக்குச் சுக்கான் கிடையாது, மாலுமியின் நினைப்பே அதற்குத் தெரியும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் எழுதிய கதையில் நிலவின் அரசனும் சூரியனின் அரசனும் விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காகப் போர் செய்கிறார்கள். அதே கதையில் ஒடிசியஸ், மனைவி பெனலோப்பிக்குத் தெரியாமல், கலிப்சோவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறான். படித்த நாளிலிருந்து அந்தக் கடிதம் மனசில் கிடக்கிறது.

ஆகவே ஒடிசிதான். வேறு எதையும் தொடப்போவதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஒரு புதையல் கிடைத்தது.

எங்கே வைப்பது இந்தக் கதையை என்று தேடிக்கொண்டிருந்தேன். புதுக் கிரகம் ஒன்றைக் கற்பனை செய்யப் போனவள், சனியின் நிலவுகளின் வரைபடத்தைத் திறந்தேன். டெத்தீஸ். விட்டம் ஏறத்தாழ 1,060 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்கப் பனிக்கட்டி. அதன் நிலக்கூறுகளுக்கெல்லாம் ஒடிசியிலிருந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! சுமார் 450 கி.மீ. அகலமுள்ள பெரும்பள்ளத்துக்கு ஒடிசியஸ். இன்னொரு பள்ளம் பெனலோப்பி, இன்னொன்று டெலிமாக்கஸ். துருவத்துக்குத் துருவம் போகிற மாதிரி 2,000 கி.மீ. நீளத்துக்கு நிலவையே கீறிக்கொண்டு போகும் பள்ளத்தாக்குக்குப் பெயர் இத்தாக்கா பிளவு. அகலம் 100 கி.மீ., ஆழம் மூன்றிலிருந்து ஐந்து கி.மீ.

அதோடு முடியவில்லை. டெத்தீஸ் சுற்றுகிற அதே பாதையில், அதற்கு 60 பாகை பின்னால், ஒரு குட்டி நிலவு வருகிறது. 1980இல் கண்டுபிடித்தது, குறுக்களவு இருபது கி.மீ. சொச்சம். அதன் பெயர் கலிப்சோ. சனி, டெத்தீஸ் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, சுற்றுவதால் வரும் வெளித்தள்ளலோடு சமனாகும் இடம் அது. அங்கே போய் நின்றுவிட்டால் எரிபொருள் செலவில்லாமல் காலத்துக்கும் நின்றுகொண்டிருக்கலாம். வீட்டுக்கு வரவும் மாட்டோம், வீட்டை விட்டு விலகவும் மாட்டோம். ஹோமர் ஏழு வருடம் ஒருவனை உட்கார வைத்து அழவிட்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

ட்ராய் போருக்கும் இடம் தயார். வியாழனின் பாதையில் முன்னும் பின்னும் போகிற சிறுகோள் கூட்டங்களுக்கு அந்தப் போரின் வீரர்களுடைய பெயர்தான். முன்னால் கிரேக்கர் பாசறை, பின்னால் ட்ராய் பாசறை. அந்த ஒழுங்கு ஏற்படுமுன்பே பெயர் வாங்கிவிட்டதால் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸ் மட்டும் எதிரிப் பாசறையில் மாட்டிக்கொண்டிருக்கிறான், ஹெக்டர் இந்தப் பக்கம். 2021இல் கிளம்பிய லூசி விண்கலம் 2033இல் பட்ரோக்ளஸைப் போய்ப் பார்க்கப்போகிறது. போரை ஒரே அத்தியாயத்தில் முடித்துவிடுவேன்; ஆனால் நண்பனின் உடல் எதிரிப் பாசறையில் கிடப்பது அதில் இருக்கும்.

இருட்டியதும் மாடிக்குப் போனேன். மேற்கே வெள்ளிக்குக் கீழே மங்கலாகச் சனி. தலைக்கு மேலே வியாழன். தென்கிழக்கில், ஓரியனுக்குக் கீழே, சிரியஸ். வீடு, போர்க்களம், அப்புறம் அந்த நாய் விண்மீன். அதற்குக் கதையில் இன்னும் வேலை இல்லை. ஆனாலும் அதையேதான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அக்கா மகன் வந்திருந்தான். இயற்பியல் முதுகலை இரண்டாம் வருடம். சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார வைத்துக் கேட்டேன்: "ஒளி வேகத்துக்குக் கிட்டப் போனா வயசு குறைவா ஏறும்னு சொல்வாங்களே. வீட்ல இருபது வருஷம் ஆகணும், அவனுக்குக் குறைவா ஆகணும். எவ்வளவு?"

"ஒளி வேகத்துல 99.5 சதவீதம்னா அவனுக்கு ரெண்டு வருஷம்" என்றான் உடனே. பிறகு தானே தலையை ஆட்டினான். "இல்ல சித்தி, அந்த வேகத்தை எடுக்கவே நாளாகும். மனுஷன் தாங்குற மாதிரி, பூமியில நிக்கிற எடைதான் இருக்கணும்னு வெச்சுக்குங்க. முடுக்கிக்கிட்டே போகணும், பாதி தூரத்துல கப்பலைத் திருப்பிப் போட்டு வேகத்தைக் குறைக்கணும். திரும்பி வரவும் அதே மாதிரி."

தாளை எடுத்தான். நான் தேநீர் போட்டு வருவதற்குள் முடித்திருந்தான். வீட்டில் இருபது வருடம் என்றால், அவன் போய்த் திரும்பக்கூடிய தூரம் எட்டு ஒளியாண்டுக்குச் சற்று மேல்.

"சிரியஸ் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். 8.6 என்றான். எனக்குக் கை நடுங்கியது.

சிரியஸ் வரை போய்த் திரும்ப வீட்டில் இருபது வருடம் எட்டு மாதம். கப்பலில் ஒன்பது வருடமும் இரண்டு மூன்று மாதமும். உச்ச வேகம் ஒளியில் 98 சதவீதம். ஹோமரின் இருபது வருடத்தை நாங்கள் எங்கும் இழுத்துப் பொருத்தவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்தது. சிரியஸுக்கு ஒரு துணையும் உண்டு, 1862இல் கண்டது: பூமி அளவே உருவமும் ஏறத்தாழ சூரியன் அளவு நிறையும் உள்ள செத்துப்போன விண்மீன். ஒடிசியஸ் இறந்தவர்களைப் பார்க்கப் போகிற பதினோராம் காண்டம் அங்கேதான் நடக்கவேண்டும். தாய் ஆன்டிக்ளியாவை மூன்று முறை அணைக்கப் போய் மூன்று முறையும் கை வெறுங்காற்றில் மூடுகிற இடம். கணக்குப்படி கப்பல் அங்கே ஒரு கணம்தான் நிற்கும். குறைந்துகொண்டே வந்த வேகம் பூஜ்யமாகி, அடுத்த நொடியே வீட்டுப் பக்கம் ஏறத் தொடங்கிவிடும்.

"ஆனா அவன் எதுக்கு அங்க போகணும்?" என்றான்.

காற்றுப் பை. ஏயோலஸ் எல்லாக் காற்றையும் ஒரு தோல் பையில் கட்டிக் கொடுக்கிறான். பத்தாம் நாள் இத்தாக்காவில் மூட்டிய தீ கண்ணுக்கே தெரிகிறது. அலுப்பில் ஒடிசியஸ் தூங்கிவிடுகிறான். பைக்குள் பொன் இருக்கும் என்று கூட வந்தவர்கள் அவிழ்த்துவிடுகிறார்கள். என் தொடரில் அந்தப் பை ஓர் எஞ்சின். போரில் கிடைத்தது, முத்திரை வைத்தது, ஒருமுறை திறந்தால் அணைக்க முடியாது. அவன் உறைதூக்கத்தில் இருக்கும்போது திறக்கிறார்கள். அவனை எழுப்பும் வழி தெரிந்து எழுப்புவதற்குள் அவர்களுக்கு இரண்டு வருடம் நாலு மாதம் ஓடிவிடுகிறது. வீட்டில் ஐந்து வருடம். அவன் கண் விழித்து, வேகத்தைக் கேட்டு, மனசுக்குள் கணக்குப் போடுகிறான். இந்த வேகத்தைக் கொல்ல இதே அளவு காலம், திரும்ப மறுபடி இரண்டு பங்கு. எவ்வளவு கெட்டிக்காரன் ஆனாலும் இனி ஒரு மாதம்கூடக் குறைக்க முடியாது. விழித்த நொடியிலேயே இருபது வருடமும் எழுதி முடிந்துவிட்டது.

அப்படி ஓர் எஞ்சின் சாத்தியமே இல்லை, அத்தனை எரிபொருளை எந்தக் கப்பலும் சுமக்காது என்றான் அக்கா மகன். தெரியும். ஒரு கதைக்கு ஒரு பொய். மற்றதெல்லாம் நேர்மையாக இருந்துவிட வேண்டும்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "சித்தி, அவன் முழிச்சவுடனே ஒரு செய்தி அனுப்பினா, அது வீட்டுக்கு வர 4.3 வருஷம். புறப்பட்டு ஒன்பதரை வருஷத்துல அவங்களுக்குக் கிடைச்சிடும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க அதுதான். அப்படியானால் பெனலோப்பிக்குத் தெரியும். ஹோமரின் பெனலோப்பிக்கு அவன் இருக்கிறானா என்பதே தெரியாது. என்னுடையவளுக்கு ஒன்பதரை வருடம் கழித்து, பழசாகிப்போன ஒரே ஒரு செய்தி வரும். அதை வைத்து அவன் வரும் தேதியை அவளே கணக்குப் போடுவாள். இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாள். ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

புறப்படும்போது அவனுக்கு முப்பது, அவளுக்கு இருபத்து மூன்று. திரும்பும்போது அவளைவிட நாலு வயது சின்னவனாக வருவான்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒடிசியஸின் நாய் ஆர்கோஸ். "நாயை ரோபோவாக வையுங்கள், இருபது வருஷம் நாய் இருக்குமா" என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து குறுஞ்செய்தி. இல்லை. ஹோமரே அந்த வாய்ப்பைப் பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறார். பயேஷியர்களின் அரசன் அல்கினஸின் அரண்மனை வாசலில் பொன்னும் வெள்ளியுமாக இரண்டு பக்கமும் நாய்கள் நிற்கின்றன, ஹெபைஸ்டஸ் செய்தவை, மூப்பும் சாவும் இல்லாதவை. அவை யாரையும் அடையாளம் கண்டுகொள்வதாகக் கவி எழுதவில்லை. குப்பைமேட்டில் உண்ணி மொய்க்கக் கிடந்த கிழட்டு நாய்தான் வாலை ஆட்டியது, காதைத் தாழ்த்தியது, செத்துப்போனது.

விண்வெளி உடைக்குள் இருப்பவனுக்கு வாசனை கிடையாது. நாய் எதைக் கொண்டு அறியும்? நடையைக் கொண்டு. பார்னசஸ் மலையில் பன்றி கிழித்த தொடை, ஒரு கால் சற்றே தாமதமாக விழும். பனித் தரையில் படுத்திருக்கும் நாய்க்கு அந்த அதிர்வு வயிற்றில் தெரியும். முதல் அத்தியாயத்தின் முதல் சத்தம் அந்தக் காலடி. குட்டி தலையைத் தூக்கும்.

பிப்ரவரி 8, சனி

வீட்டைக் கட்டினேன்.

பெண் கேட்டு வந்து உட்கார்ந்தவர்கள் ஹோமரில் 108 பேர். ஆட்டையும் மாட்டையும் தின்று வீட்டை அழிக்கிறார்கள். பிளவுக்குள் பனிச்சுவரைக் குடைந்து கட்டிய வீட்டில் தின்பதைவிடப் பெரிய செலவு மூச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் ஆக்சிஜன் என்பது விண்வெளிக் கணக்கு. 108 பேருக்குத் தினம் 90 கிலோ. அவர்கள் கத்தியை உருவ வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், வீடு தீர்ந்துவிடும். கூடத்தில் ஒரு காற்றுமானி. எல்லாக் காட்சியிலும் அது பின்னால் தெரிய வேண்டும்.

பெனலோப்பியின் தறியை மாற்றலாமா என்று காலையெல்லாம் யோசித்தேன். கணினி நிரல், வலையமைப்பு, என்னென்னவோ. மத்தியானம் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். தறி தறியாகவே இருக்கட்டும். கிரேக்கர்களின் தறி நிமிர்ந்து நிற்பது. பாவு நூல்கள் மேலிருந்து தொங்கும், அடியில் சுடுமண் குண்டுகளைக் கட்டி இழுவை கொடுப்பார்கள். டெத்தீஸில் எடை பூமியில் 67இல் ஒரு பங்கு. இருநூறு கிராம் குண்டு செய்கிற வேலைக்கு அங்கே பதின்மூன்று கிலோவுக்கு மேல் தொங்கவிட வேண்டும். அவள் பைகளில் பனிக்கட்டி நிரப்பித் தொங்கவிடுகிறாள். பகலில் நெய்ததை ராத்திரி பிரிப்பது என்றால் அத்தனை பையையும் ஓசைப்படாமல் இறக்கிவைக்க வேண்டும், விடியுமுன் ஏற்ற வேண்டும். மூன்று வருடம். அவள் தோள் எப்படி ஆகியிருக்கும்! நடிகையிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நெய்வது மாமனார் லயர்ட்டீஸுக்குப் பிணத்துணி. எவ்வளவு நெய்து எவ்வளவு பிரித்தால் அவன் வரும் நாள் வரை இழுக்கலாம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தேதி அவளிடம் இருக்கிறதே.

பிப்ரவரி 10, திங்கள்

பன்னிரண்டு பணிப்பெண்கள். இருபத்திரண்டாம் காண்டம். ஒரே கயிற்றில், வரிசையாகத் தூக்கு. செய்து முடிப்பவன் மகன் டெலிமாக்கஸ்.

இதை விட்டுவிட்டு எத்தனையோ பேர் ஒடிசியைச் சொல்லியிருக்கிறார்கள். 2005இல் மார்கரெட் அட்வுட் அந்தப் பன்னிரண்டு பேரையும் பேசவைத்த பிறகு விடுவதற்கு யாருக்கும் சாக்கு இல்லை. பிரிக்கிற ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தவளும் ஒரு பணிப்பெண்தான். ஏன் காட்டிக்கொடுத்தாள்? என் கதையில் பதில் இருக்கிறது. காற்று குறைந்தால் முதலில் கீழ்த்தட்டில்தான் குறையும். எஜமானி இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பாள், கீழே பணிப்பெண்ணின் தம்பி தாக்குப்பிடிக்க மாட்டான். எட்டாம் அத்தியாயம் முழுக்க அவளுடையது. ஒன்பதில் காற்றடைப்புக் கதவு. டெலிமாக்கஸ் பொத்தானை அழுத்துவான். வெளியே சத்தமே கேட்காது. அப்பா அவன் பக்கத்தில் நிற்பார், அவனைவிடப் பதினெட்டு வயதே பெரியவராக.

இன்று வேறு எதையும் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தயாரிப்பாளரோடு ஒரு மணி நேரம் பேச்சு. இருபது வருடத்துக்குப் பதில் இருநூறு வருடம் வைத்தால் பிரம்மாண்டமாக இருக்கும் என்கிறார். இருநூறு என்றால் பெனலோப்பி செத்துப்போயிருப்பாள், அவன் கல்லறையில் அழுதுவிட்டுப் போய்விடலாம், அது சுலபம் என்றேன். இருபதில் அவள் உயிரோடு எதிரே நிற்கிறாள். அதுதான் கஷ்டம், அதைத்தான் எழுதவேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சரி என்றார்.

1981இல் பிரான்சும் ஜப்பானும் சேர்ந்து ஒரு கார்ட்டூன் தொடர் எடுத்தார்கள், 'யுலிசிஸ் 31', இருபத்தாறு பகுதி, 31ஆம் நூற்றாண்டில் நடப்பது. அழகான தொடர். அதில் மகன் அப்பாவோடு கப்பலில் இருப்பான், பெனலோப்பி பூமியில் காத்திருப்பாள். என் கேமரா அந்தக் காத்திருக்கிற வீட்டில் இருக்கும். கப்பல்தான் தூரத்தில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கட்டில் மூன்று நாளாக என்னைப் படுத்திவிட்டது.

புகைப்படத்தில் இருப்பது போலவே ஒருவன் வந்து நிற்கிறான். எதிர்பார்த்ததைவிட இளையவனாக. எல்லாரும் அதனாலேயே சந்தேகப்படுகிறார்கள். ரகசியக் கேள்வி கேட்கலாம் என்றால், எந்த ரகசியமும் ஏதோ ஒரு பதிவில் இருந்து திருடக்கூடியதுதான். ஹோமரில் அவள் தாதியிடம், "கட்டிலை எடுத்து வெளியே போடு" என்கிறாள். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தில் அவனே செதுக்கிய கட்டில், அதை நகர்த்தவே முடியாது. அவன் சொல்லிவிடுகிறான், அவள் நம்புகிறாள். வெறும் கடவுச்சொல்லா அது? அதற்கா இவ்வளவு பேர் இத்தனை நூற்றாண்டாக அழுதார்கள்?

அடுப்படியில் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது:

"உங்கப்பா மஸ்கட்லேந்து நாலு வருஷம் கழிச்சு வந்தப்போ மூணு நாளு விருந்தாளி மாதிரி இருந்தாரு. தண்ணி குடிக்கவாங்கறத கூடக் கேட்டுட்டுதான் குடிச்சாரு. எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு. நாலாம் நாளு சைக்கிளை எங்கன்னு கேட்டாரு. உன் அக்கா பீஸுக்கு வித்துட்டேன்னேன். என்னைக் கேக்காம எப்படி விக்கலாம்னு தெரு கேக்கக் கத்தினாரு. அப்பத்தாண்டி மனுஷன் வீட்டுக்கு வந்துட்டாருன்னு இருந்துச்சு."

பாதிக் கீரையில் எழுந்து வந்து இருபத்து மூன்றாம் காண்டத்தைத் திரும்பப் படித்தேன். ஆமாம். அவன் பதில் சொல்லவில்லை, கோபப்படுகிறான். காண்டம் காண்டமாக நாக்கைக் கட்டி வைத்திருந்தவன், பிச்சைக்காரனாக உதை வாங்கியும் வாயைத் திறக்காதவன், கட்டிலுக்காகக் கத்துகிறான். அவள் காத்திருந்தது அந்தக் கத்தலுக்கு. திருடியவனுக்குத் தகவல் தெரிந்திருக்கலாம், வலி வராது.

என் கட்டில் பிளவின் பனிச்சுவரிலேயே குடைந்தது. வெப்பம் தாண்டாதபடி பூச்சுப் பூசி, அதைச் சுற்றித்தான் அறையையே அவன் கட்டினான். கட்டிலைப் பெயர்த்தால் சுவர் விரியும், வீட்டுக் காற்று முழுக்க வெளியேறும். "அதை எடுத்து வெளியே போடச் சொல்லிவிட்டேன்" என்று அவள் சாதாரணமாகச் சொல்வாள். அவன் பாய்ந்து சுவரில் கை வைத்துத் தடவுவான். கத்துவான். முகத்தில் பயம்.

அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "என் கணக்குப்படி நீ நாற்பது நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். எங்கே இருந்தாய்?" அந்த நாற்பது நாளில்தான் துணியின் குட்டு உடைந்தது, பணிப்பெண்களின் தலைவிதியும் எழுதப்பட்டது. கதைக்கு அந்தத் தாமதம் வேண்டும். காரணம் இன்னும் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

நாளை அனுப்ப வேண்டும். கலிப்சோ மட்டும் பாக்கி.

எஞ்சின் ஓய்ந்து, அவன் கலிப்சோவில் ஒதுங்குகிறான். சிறு படகு இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது. டெத்தீஸ் 2,95,000 கி.மீ., நம் நிலவைவிடப் பக்கம். ஜன்னலில் முழுநிலவில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வீடு தெரிகிறது. இருபது வருடம் வந்தவன் ஏன் அங்கே நாற்பது நாள் உட்கார வேண்டும்? கலிப்சோவை அழகியாக்கினேன், அழித்தேன். நோயாளியாக்கினேன், அழித்தேன்.

மாலையில் அப்பாவின் ஓய்வூதியத் தாள்களைத் தேடும்போது பழைய கடவுச்சீட்டு கையில் வந்தது. சென்னையில் இறங்கிய முத்திரை: 10 ஏப்ரல் 1993. அப்பா திருச்சி வீட்டுக்கு வந்தது சித்திரை முதல் நாள், பதினான்காம் தேதி. எனக்கு நன்றாகத் தெரியும், புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். யார் இவர் என்று அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள். "பத்தாம் தேதி எறங்குறேன்னு லெட்டர்லயே எழுதியிருந்தாரு. நாலு நாளும் ரெண்டு படி அரிசி சேத்துப் போட்டேன்."

"எங்க இருந்தாருன்னு கேட்டியாம்மா?"

"கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவாருடி."

உள்ளறையில் அப்பா வானொலியைத் தணிவாக வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நானும் கேட்கவில்லை.

ராத்திரி கலிப்சோவை எழுதினேன். அங்கே யாரும் இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். அவன் காலையில் முகம் மழித்துக்கொள்கிறான், படகில் ஏறி உட்கார்கிறான், இறங்கிவிடுகிறான். மகனுக்கு இப்போது எத்தனை வயது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறான். வீடு ஜன்னலில் அதே இடத்தில் நிற்கிறது, சிறிதாவதும் இல்லை, பெரிதாவதும் இல்லை. வசனம் இல்லாமல் பதினோரு நிமிடம்.

அப்புறம் பத்தாம் அத்தியாயத்தைத் திறந்து, பெனலோப்பியின் அந்தக் கேள்வியை அடித்தேன்.